ஓர் ஆண் எழுதிய ‘ரெஸ்பெக்ட்’ எப்படிக் கறுப்பினப் பெண்களின் பாட்டாயிற்று?

அரேதா ஃபிராங்க்ளின் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ கறுப்பினப் பெண்களின் உரிமைக் குரல் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை எழுதியவர் ஓட்டிஸ் ரெடிங் என்கிற ஆண்தானே, விற்றதும் லாபத்துக்காக நடந்த ஓர் இசைத்தட்டு நிறுவனம்தானே, பிறகு பெண்களின் குரல் அதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. அந்தப் பாட்டால் அதைப் பாடிய பெண்ணுக்கும் அவரைப் போன்ற பெண்களுக்கும் உண்மையில் என்ன கிடைத்தது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என்னால் உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் பணம் பற்றிய பகுதிக்குக் கணக்கு இருக்கிறது, மீதி இன்றுவரை வாதத்தில் இருக்கிறது.

கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாளைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன், அதில் ப்ளூஸ், சோல் என்ற கறுப்பின இசைவகைப் பாடல்களையும் கவிதைகளாக வைத்துப் பாடம் சொல்கிறேன் என்ற அளவில்தான் எனக்கு இதில் உரிமை உண்டு. இசையிலக்கணத்தில் முறையான பயிற்சி பெற்றதில்லை. கறுப்பினத் திருச்சபைகளில் பாட்டு எழும்பும் விதத்தையும் ஒலிப்பதிவுகளின் வழியாகவே அறிந்திருக்கிறேன். ஆகவே சொற்களையும் பாடும் முறையையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். ஸ்வரங்களைப் பற்றி ஏதாவது சொன்னால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

வகுப்பில் இந்தப் பாட்டை எடுக்கும்போது முதலில் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. ஓட்டிஸ் ரெடிங் 1965-இல் வெளியிட்ட பதிவை ஒலிக்கவிட்டு, மூச்சுவிட நேரம் தராமல் அரேதா 1967-இல் பாடியதைப் போடுவேன். இரண்டில் எதுவும் மூன்று நிமிடத்தைத் தொடாது. ஓட்டிஸின் பாட்டில் பேசுபவன் சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்பும் ஆண். நான் இல்லாதபோது நீ துரோகம் செய்தாலும் பொறுத்துக்கொள்கிறேன், நான் வாசலில் கால் வைக்கும்போது மட்டும் எனக்குரிய மரியாதை கிடைத்தாக வேண்டும் என்று கெஞ்சலும் அதட்டலுமாகக் கேட்கிறான். அவனுக்கு மறுமொழி சொல்பவை ஊதுகருவிகளும் பின்னணி ஆண்குரல்களுமே. மனைவியின் குரல் பாட்டில் எந்த மூலையிலும் கேட்காது. நல்ல பாட்டுதான், விற்கவும் செய்தது. ஆனால் நாட்டின் பிரபலப் பாடல்களின் பொதுப் பட்டியலில் 35-ஆவது இடத்துக்கு மேல் ஏறவில்லை.

1967 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் அட்லாண்டிக் நிறுவனத்தின் ஸ்டுடியோவில் அரேதா இதைப் பதிவு செய்தபோது சொற்களில் அவர் கைவைத்தது கொஞ்சம்தான். நீ இல்லாதபோது உனக்கு நான் துரோகம் செய்யமாட்டேன் என்று தொடக்கத்திலேயே தன் தரப்பைச் சுத்தமாக்கிக்கொள்கிறார். பணம் இப்போது பெண்ணின் கையில் இருக்கிறது. அதை முழுவதும் தரத் தயார், பதிலுக்கு எனக்குச் சேரவேண்டியதைக் கொடு என்கிறார். அந்த இடத்தில் அவர் போட்ட சொல் ‘ப்ராப்பர்ஸ்’. அது கறுப்பின மக்களின் பேச்சு வழக்கு. தயவாகத் தருவதை அந்தச் சொல்லால் குறிக்க முடியாது, கடன் பாக்கியைப்போல வந்து சேரவேண்டியதைத்தான் குறிக்கும். அதற்குப் பிறகு ஓட்டிஸின் பதிவில் அறவே இல்லாத ஒன்று வருகிறது. இசை சட்டென்று நின்று இடம்விட, அந்த ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் அரேதா ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்கிறார். எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத பையனுக்கு ஆசிரியை கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல இருக்கும். வகுப்பில் பெண்கள் அநேகமாக அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொரு மாற்றம் பின்னணிக் குரல்களில் இருக்கிறது. அவரோடு பாடிய கரோலினும் எர்மாவும் அவருடைய சொந்தச் சகோதரிகள். டெட்ராய்ட்டில் தந்தை போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபையில் பாடி வளர்ந்தவர்கள். போதகர் ஒரு வரி சொல்லச் சபை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும் முறை அவர்களுக்கு ரத்தத்தில் இருந்தது. அரேதா கேட்கக் கேட்கச் சகோதரிகள் ‘கொஞ்சம்தானே, கொஞ்சம்தானே’ என்ற பொருளில் பக்கத்தில் நின்று வழிமொழிகிறார்கள். ‘ரீ ரீ’ என்று அவர்கள் அடுக்கும் இடம் அந்தச் சொல்லின் முதல் அசையாகவும் கேட்கும், வீட்டில் அரேதாவை அழைத்த செல்லப்பெயராகவும் கேட்கும். ஓட்டிஸிடம் ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டை, இங்கே தெருவில் நாலு பெண்கள் கூடி நின்று கேட்கும் நியாயமாகிவிடுகிறது. பியானோ வாசித்தவரும் அரேதாவே. பெரும்பாலான இந்த மாற்றங்களை ஸ்டுடியோவுக்கு வரும் முன்பே சகோதரிகளோடு வீட்டில் உருவாக்கியிருந்தார்.

அந்த ஜூன் மாதம் பாட்டு அமெரிக்கப் பொதுப் பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதே மாதம் மான்டரே இசைவிழா மேடையில் ஓட்டிஸ் ரெடிங்கே இதை ஒரு பெண் தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்ட பாட்டு என்று வேடிக்கையாக அறிமுகம் செய்துவிட்டுத்தான் பாடத் தொடங்கினார். எழுதியவரே ஒப்புக்கொண்ட பிறகு உங்கள் முதல் கேள்விக்கு நான் கூட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே கீர்த்தனையை இருவர் பாடும்போது நாம் பாடகரைப் பார்த்துத் தலையாட்டுகிறோமே தவிர இயற்றியவரைத் தேடுவதில்லை. பாட்டில் குரல் என்பது எழுத்தோடு முடிந்துவிடுவதில்லை.

ஆனால் ஏன் அந்தச் சொல் அவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதை விளக்க, பாட்டுக்கு வெளியே ஒரு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1963-இல் அலபாமா மாநிலத்தின் கேட்ஸ்டன் ஊரில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினக் குடிமையுரிமைச் செயற்பாட்டாளர் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளையினச் சாட்சிகளைத் திரு, திருமதி, செல்வி என்று அழைப்பதும் கறுப்பினத்தவரை வெறும் பெயரால் அழைப்பதும் அங்கே நடைமுறை. தம்மைச் செல்வி ஹாமில்டன் என்று முறையாக அழைக்கும்வரை பதில் சொல்ல முடியாது என்று அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பேரப்பிள்ளை எடுத்த கறுப்பின மூதாட்டியை வெள்ளையினச் சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊர்கள் அவை. ‘ஆண்ட்டி’ என்று அழைத்தால் அதிலும் ஏளனமே இருந்தது. நீ, நீங்கள், அவள், அவர் என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் மரியாதையை எடைபோட்டுப் பேசும் மொழிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எந்தத் தெருக்காரரை எந்த வயதிலும் ‘வா போ’ என்று கூப்பிடலாம் என்ற கணக்கை நம் ஊர்களும் அறியும். ஆக 1967-இல் ஒரு கறுப்பினப் பெண் மரியாதை என்று எழுத்துக்கூட்டியபோது, கணவனிடம் மட்டும் கேட்பதாக அவர்களில் யாரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த இழையை நான் வலிந்து காட்டுவதாக நினைக்கவேண்டாம். என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்ற கேள்வி கறுப்பினப் பெண்களின் பாட்டில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். பாடகி நினா சிமோனை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினாவின் ட்ரையன் ஊரில் சிறுமியாக முதல் பியானோ நிகழ்ச்சிக்கு அமர்ந்தபோது, முன்வரிசையில் இருந்த தம் பெற்றோரை வெள்ளையர்களுக்காகப் பின்னால் அனுப்பியதைக் கண்டு, அவர்கள் முன்வரிசைக்குத் திரும்பும்வரை வாசிக்கமாட்டேன் என்றவர் அவர். 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்காம் திருச்சபையில் வைத்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமிகள் பலியான செய்தியைக் கேட்டதும் ஒரு மணி நேரத்துக்குள் ‘மிசிசிப்பி காடாம்’ பாட்டை எழுதினார். மெட்டு நாடகமேடைப் பாட்டுப்போலத் துள்ளும்; சொற்களோ சாபம். நடுவில் ஒரு இடத்தில், காதைக் கழுவு, நாகரிகமாகப் பேசு, அப்படியிருந்தால் உன்னை ‘சிஸ்டர் சேடி’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவோம் என்று சொல்லி இத்தனை ஆண்டு ஏமாற்றிவிட்டீர்கள் என்கிறார். நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அதைப் பதிவு செய்ததும் 1964 மார்ச்சில்தான், மேரி ஹாமில்டன் தீர்ப்பு வந்த அதே மாதம்.

1966-இல் வெளிவந்த அவருடைய ‘ஃபோர் விமன்’ பாட்டில் நான்கு பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து தங்கள் தோலின் நிறத்தையும் முடியின் தன்மையையும் சொல்லி, என்னை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுத் தாங்களே பெயரைச் சொல்கிறார்கள். முதுகில் சுமை தாங்கிய ஆண்ட்டி சாரா, வெள்ளையினப் பணக்காரன் தன் தாயைப் பலவந்தம் செய்ததால் பிறந்த சஃப்ரோனியா, உடலை விற்கும் ஸ்வீட் திங். இந்த மூன்று பெயர்களையும் மென்மையாகவே சொல்லிவந்த நினாவின் குரல் நான்காவது பெண் தன்னைப் பீச்சஸ் என்று சொல்லும் இடத்தில் கதறலாக உடைகிறது. கறுப்பினப் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று தவறாக எண்ணி, நியூயார்க்கிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் கறுப்பின நேயர்களுக்கான வானொலி நிலையங்களே சில இதைத் தடை செய்தன. எனக்கு ‘ரெஸ்பெக்ட்’டைவிட இதுதான் பெரிய பாட்டு. ஆனால் கல்யாண வீட்டில் இதற்கு யாரும் ஆடமாட்டார்கள், அரேதாவின் பாட்டு எட்டிய இடங்களை இது எட்டவும் இல்லை.

இதற்கெல்லாம் விதை 1920-களில் விழுந்தது. மேமி ஸ்மித் 1920 ஆகஸ்டில் பதிவு செய்த ‘கிரேஸி ப்ளூஸ்’ விற்ற வேகத்தைக் கண்டபிறகுதான் கறுப்பினத்தவரும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. தொடர்ந்து வந்த பெஸ்ஸி ஸ்மித்தைச் சுவரொட்டிகள் ‘ப்ளூஸ் பேரரசி’ என்று அழைத்தன. கடைத்தெருவில் திருமதி என்ற அடைமொழிகூடக் கிடைக்காத ஒரு பெண்ணுக்குப் பேரரசிப் பட்டம் என்பதில் இருந்த விளம்பர உத்தியைப் போலவே அதில் இருந்த மீறலும் உண்மை. அவருடைய 1928-ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றில் வெளுப்புக்காரி ஒருத்தி பேசுகிறாள்: நாளெல்லாம் ஊரார் துணியைத் துவைக்கிறேன், இதைவிட வெள்ளைக்காரர் வீட்டில் பாத்திரம் கழுவப் போனாலாவது வயிறு நிறையும் என்கிறாள். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்கள் ஏராளமானோருக்கு வீட்டுவேலையும் வயல்வேலையும் தவிர வேறு பிழைப்பு இருந்ததில்லை. தங்கள் கைகளில் வெடித்த தோலைப் பற்றி இசைத்தட்டில் ஒருவர் பாடுவதைக் கேட்க அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும்.

இங்கே ஒரு தகவலைத் திருத்த வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் ஆண்டுதோறும் இதை எழுதிக் கொண்டுவருகிறார்கள். 1937 செப்டம்பரில் மிசிசிப்பியில் கார் விபத்தில் அடிபட்ட பெஸ்ஸி ஸ்மித்தை வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் ரத்தம் வடிந்து இறந்தார் என்பது பரவலான கதை. விபத்து இடத்துக்கு வந்த மருத்துவரே பிற்காலத்தில் தந்த விவரத்தின்படி அவர் கிளார்க்ஸ்டேலில் கறுப்பினத்தவருக்கான மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்லப்பட்டார். காயம் மிகக் கடுமையானது. நிறப்பிரிவினை மருத்துவமனைகளில் பலர் உயிரிழந்தது உண்மை, அதற்கு இந்தக் கதை தேவையில்லை. ‘ரெஸ்பெக்ட்’ பற்றியும் இப்படி ஒரு மிகை உலவுகிறது: அரேதா அதைப் பெண்ணியக் கீதமாகத் திட்டமிட்டே செய்தார் என்பது. நடுத்தெருவில் நடக்கும் சாதாரண ஆணும் பெண்ணும் தாயும் ஆசிரியரும் தீயணைப்பு வீரரும் வேண்டியது மரியாதைதான், நாட்டின் அந்தத் தேவையைப் பாட்டு பிரதிபலித்தது என்ற அளவிலேயே தம் சுயசரிதையில் அவர் எழுதினார். கறுப்பின உரிமைப் போராட்டமும் பெண்கள் இயக்கமும் அதைத் தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டது நடந்த வரலாறு. அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதில் நான் அவருடைய சொல்லைத் தாண்டமாட்டேன்.

இனி பணம். உங்கள் கேள்வியில் இருந்த கசப்பு நியாயமானது என்று நான் நினைப்பது இங்கேதான். அமெரிக்காவில் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் ராயல்டி எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும் போகும். பாடியவருக்குச் சட்டப்படி ஒரு காசும் கிடையாது. ‘ரெஸ்பெக்ட்’ கோடிக்கணக்கான காதுகளில் விழுந்த ஒவ்வொரு முறையும் தொகை ஓட்டிஸ் ரெடிங்கின் கணக்குக்கும், அவர் 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறந்தபின் அவருடைய குடும்பத்துக்கும் போனது. எழுத்துக்கூட்டிய பெண்ணுக்குப் போகவில்லை. செயற்கைக்கோள், இணைய ஒலிபரப்புகளில் பாடியவருக்கும் பங்கு உண்டு என்ற வழி 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு திறந்தது, சாதாரண வானொலி மட்டும் பழைய விதியிலேயே ஓடுகிறது. பெஸ்ஸி ஸ்மித் காலத்தில் இதைவிட மோசம். தொடக்கத்தில் ஒரு பாட்டுக்கு 125 டாலர் என்று மொத்தத் தொகை கொடுத்து முடித்தார்கள். இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் அதில் அவருக்குப் பங்கில்லை.

ரூத் பிரவுனின் கதை இன்னும் தெளிவானது. 1950-களில் அவர் பாடிய பாட்டுகள் விற்ற விற்பனையால் அட்லாண்டிக் நிறுவனத்தை ‘ரூத் கட்டிய வீடு’ என்றே தொழிலில் சொல்வார்கள். 1960-களில் அதே ரூத் வீட்டுவேலை செய்தும் பள்ளிப் பேருந்து ஓட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். பதிவுச் செலவையெல்லாம் பாடகரின் கணக்கில் பற்று எழுதி, ராயல்டி வரவைவிட அது அதிகம், ஆகவே நீங்கள்தான் எங்களுக்குக் கடன் என்று காட்டும் கணக்குமுறை அது. ஒரு வழக்கறிஞரின் துணையோடு பல ஆண்டுகள் போராடி 1988-இல் பழைய பாக்கியில் ஒரு பகுதியைப் பெற்றார். அவரைப்போல ஏமாந்த முதிய கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளையும் அந்த உடன்பாட்டின் வழியே உருவானது. என்னைக் கேட்டால் கறுப்பினப் பெண்களின் இசை வரலாற்றில் இந்தப் போராட்டத்துக்கு எந்த உரிமைப் பாட்டுக்கும் குறையாத இடம் உண்டு, ஆனால் இதற்கு மெட்டு இல்லாததால் யாரும் முணுமுணுப்பதில்லை.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ராப் பாடகி குயின் லத்தீஃபா 1993-இல் வெளியிட்ட ‘யூனிட்டி’யில், தெருவில் போகும்போது தம்மைத் தொட்ட ஆணைத் திரும்பி நின்று எதிர்கொள்கிறார், பெண்களை நாயின் பெயரால் விளிப்பது ராப் பாட்டில் சகஜமாகியிருந்த நேரத்தில் யாரை அப்படி அழைக்கிறாய் என்று கேட்பதுதான் பாட்டின் பல்லவியாகவே நிற்கிறது. 1995-இல் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. தமக்குத் தாமே அரசி என்ற பட்டத்தைச் சூட்டிக்கொண்டு வந்தவர் அவர் என்பதையும் கவனியுங்கள். பாடகி பியான்சே 2016-இல் வெளியிட்ட ‘லெமனேட்’ இசைத்தொகுப்பைப் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அமெரிக்காவில் மிகவும் மரியாதை மறுக்கப்பட்டவள் கறுப்பினப் பெண் என்று கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் 1962-இல் பேசிய பேச்சு அதில் ஒலிக்கிறது. அதைக் கண்டு நெகிழ்ந்தவர்கள் பலர். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸோ அதன் அழகை ஏற்றுக்கொண்டபடியே, இது பணம் பண்ணும் சரக்காகவும் இருக்கிறது, ஆணாதிக்கத்தின் வேரை இது தொடவில்லை என்று எழுதினார். நான் வகுப்பில் அவர் பக்கமே அதிகம் சாய்வேன். மாணவிகளில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

அரேதா இந்தக் கணக்கையெல்லாம் அறிந்தவர். முந்தைய தலைமுறைப் பாடகர்கள் ஏமாற்றப்பட்டதைப் பார்த்தே வளர்ந்ததால், மேடை ஏறுவதற்கு முன்பே சம்பளத்தைப் பணமாகக் கையில் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்வார், அந்தப் பையைப் பெரும்பாலும் கண்பார்வையிலிருந்து விலகவிடமாட்டார். 2015 டிசம்பரில் வாஷிங்டனின் கென்னடி மையத்தில் நடந்த விழாவின் காணொளி எளிதாகக் கிடைக்கும், தேடிப் பாருங்கள். அன்று அவர் பாடியது ‘நேச்சுரல் வுமன்’, 1967-இல் அரேதா தமதாக்கிக்கொண்ட இன்னொரு பாட்டு. அதை எழுதியவர்களில் ஒருவரான கரோல் கிங் மேல்மாடத்தில் அமர்ந்து நம்பமுடியாமல் தலையைப் பிடித்துக்கொள்கிறார், பக்கத்தில் அப்போதைய ஜனாதிபதி ஒபாமா கண்ணைத் துடைக்கிறார். அதற்கெல்லாம் முன்பு, 73 வயது அரேதா நீண்ட மென்மயிர் மேலங்கியோடு மேடைக்குள் நடந்துவந்து, கையிலிருந்த பையைப் பியானோவின் மேல் வைத்துவிட்டு, பிறகுதான் உட்கார்ந்து முதல் கட்டையை அழுத்துகிறார்.